லேசான ரிவால்வர், கனமான விசை

கோத்தகிரிப் பக்கம் துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருக்கிற இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு முதலில் பச்சைத் தேயிலை விலைக்குப் போகும், அடுத்து கரடிக்கு, அப்புறம்தான் துப்பாக்கிக்கு வரும். அதில் இப்போது அடிக்கடி கேட்கிற கேள்வி, லேசான .22 ரிவால்வர் (.22 என்பது அங்குலத்தில் குழல் அளவு) வாங்கலாமா என்பது. அந்த ரகத்தில் ஒன்று என்னிடம் இருக்கிறது. அப்பாவிடமிருந்து வந்த பழைய இரும்பு ரிவால்வரும் இருக்கிறது, அதுவும் .22 தான். ஒரே தோட்டாவை கனமானதிலும் லேசானதிலும் சுட்டுப் பார்க்கிற வாய்ப்பு எனக்கு அமைந்திருப்பதால், கேட்கிற ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை இங்கே ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன்.

அப்பா லைசென்ஸ் எடுத்த காரணம் சம்பளப் பணம். அந்தக் காலத்தில் குன்னூர் பேங்கில் பணம் எடுத்து, ஜீப்பில் எஸ்டேட்டுக்குக் கொண்டுவந்து, ஆள் ஆளாகக் கூப்பிட்டுக் கையில் கொடுக்க வேண்டும். இறக்குமதி 1980களின் நடுவில் நின்றுபோவதற்கு முன்னால் நாட்டுக்குள் வந்த ஜெர்மன் ரிவால்வர் அது. முழுக்க இரும்பு, மரப்பிடி, ஒரு சாண் நீளம். அப்பா அதை வைத்துக்கொண்டு யாரையும் நோக்கி நீட்டியதாக ஒரு கதைகூட எங்கள் வீட்டில் கிடையாது. இப்போது சம்பளம் பேங்க் கணக்குக்கே போகிறது. காரணம் போய்விட்டது, துப்பாக்கி மட்டும் தங்கிவிட்டது. மலையில் பாதி லைசென்ஸுகளின் கதை இதுதான் என்று நினைக்கிறேன்.

அது என் பேருக்கு வந்த வழியைச் சொல்லிவிடுகிறேன், பலருக்கு இது தெரிவதில்லை. லைசென்ஸ்காரர் இறந்த பிறகுதான் வாரிசுக்கு மாற்ற முடியும் என்று இல்லை. 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி அவருக்கு 70 வயது ஆனாலோ, அந்த ஆயுதத்தை 25 வருடம் வைத்திருந்தாலோ, உயிரோடு இருக்கும்போதே வாரிசைச் சொல்லி விண்ணப்பிக்கலாம். வாரிசுக்கும் போலீஸ் விசாரணை உண்டு. பாதுகாப்பாகக் கையாளப் பயிற்சி எடுத்த சான்றிதழ் வேண்டும், வீட்டில் பத்திரமாக வைப்பேன் என்று உறுதிமொழியும் எழுதித் தர வேண்டும். அண்ணன் துபாயில் இருந்ததால் அப்பா என் பெயரை எழுதினார். கையெழுத்துப் போடும்போது, "பாப்பா, இது சொத்து இல்லை, பொறுப்பு" என்றார். அவர் எதற்குமே அப்படித்தான் சொல்வார், ஸ்கூட்டர் வாங்கிக் கொடுத்தபோதும் அதையேதான் சொன்னார்.

லேசானதை நான் வாங்கக் காரணம் என் மணிக்கட்டு. பழையது ஒரு கிலோவுக்குக் கொஞ்சம்தான் குறைவு. நீட்டிப் பிடித்து நின்றால் சிறிது நேரத்தில் முனை தானாகவே கீழே இறங்க ஆரம்பிக்கும். புதியது அதில் பாதி எடைகூட இல்லை. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் அதிகபட்சம் இரண்டு துப்பாக்கிதான் வைத்துக்கொள்ள முடியும், முன்பு மூன்று. எனக்கு இரண்டே அதிகம்.

நம் நாட்டில் லேசான ரிவால்வர் என்றதும் இரண்டு பெயர்கள் அடிபடும். ஒன்று 2014இல் கான்பூரில் வெளிவந்த நிர்பீக். டைட்டானியம் கலப்பு உலோகம், அரைக் கிலோ எடை. அது .32, அதாவது தோட்டாவின் அடிப்பக்க நடுவில் அடித்து வெடிக்க வைக்கிற சென்டர்ஃபயர் வகை. பெண்களின் பாதுகாப்புக்கு என்று சொல்லித்தான் அதை வெளியிட்டார்கள். விலை ஒரு லட்சத்தைத் தாண்டியது. இன்னொன்று நிடர். அது .22, எடை சுமார் 250 கிராம். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு கடைக்குப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். லைசென்ஸில் எந்த அளவு எழுதியிருக்கிறதோ அந்த அளவுத் துப்பாக்கியும் தோட்டாவும்தான் கிடைக்கும். அதை முதலில் முடிவு பண்ணிக்கொள்ளாமல் கடை ஏறுவது வீண் அலைச்சல்.

பெண்களுக்கு என்றால் லேசாக இருக்க வேண்டும் என்று யார் முடிவு பண்ணினார்களோ தெரியவில்லை. நாற்பது கிலோ பச்சைத் தேயிலையை முதுகில் சுமந்துகொண்டு சரிவில் ஏறுகிற பெண்கள் இருக்கிற ஊர் இது. கைப்பையில் வைக்க லேசானது நல்லது, சரி. சுடுவதற்கு அது எளிதா என்பது வேறு கேள்வி. விற்கிறவர்கள் இரண்டையும் ஒன்றாக்கித்தான் பேசுவார்கள்.

முதல் தடவை சுட்டபோதே அது தெரிந்துவிட்டது. வீட்டுத் தோட்டத்தில் தகர டப்பாவை வைத்துச் சுட்டுப் பார்க்கிற பழக்கம் நமக்கு ஆகாது, ஆபத்தும் சட்டச் சிக்கலும் ஒருசேர வரும். கீழே இறங்கி கோயம்புத்தூர் ரேஞ்சில், அதாவது சுட்டுப் பழகுகிற இடத்தில்தான் சுடுவேன். அட்டை ஏழு மீட்டர் தூரத்தில் இருந்தது. அப்பாவின் இரும்பு ரிவால்வர் அந்தத் தூரத்தில் டீ சாஸர் அகலத்துக்குள் எல்லாத் துளைகளையும் போட்டது. லேசானது சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு இறைத்தது. தோட்டா ஒன்று, ஆள் ஒன்று, வெயிலும் அதே வெயில்.

காரணம் பின்னுதைப்பு இல்லை. அது .22இல் பெயருக்குத்தான் இருக்கும், போகிற ஈயமே வெறும் 2.6 கிராம். விசைதான், அதாவது விரலால் இழுக்கிற டிரிகர்தான் விஷயம். .22 என்பது ரிம்ஃபயர் வகை. ரிம்ஃபயர் தோட்டாவில் தீப்பற்றும் மருந்து நடுவில் தனிக் குமிழாக இருக்காது. அடிப்பக்க விளிம்பின் மடிப்புக்குள்ளேயே சுற்றிலும் பரவியிருக்கும். துப்பாக்கியின் பின்னால் இருக்கிற சுத்தி (ஹேமர்) அடித்து அந்த விளிம்பை நசுக்கினால்தான் வெடிக்கும். பித்தளையை நசுக்க நல்ல அடி வேண்டும், நல்ல அடிக்கு அழுத்தமான ஸ்பிரிங் வேண்டும், அந்த ஸ்பிரிங்கை உன் ஆள்காட்டி விரல்தான் இழுத்தாக வேண்டும். பெரிய சென்டர்ஃபயர் ரிவால்வரைவிடச் சின்ன .22இல் விசை கனமாக இருக்கிறதே என்று ஆச்சரியப்படுகிறவர்கள் பலர், அதன் விளக்கம் இவ்வளவுதான். கால் கிலோ பொருளை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, அதில் இருக்கிற விசையை அதன் எடையைப் போல பல மடங்கு பலத்தால் இழுக்கிறோம். ஆடாமல் என்ன செய்யும்? கனமான துப்பாக்கி தன் எடையாலேயே நிற்கும். லேசானதை நம் கைதான் நிறுத்த வேண்டும்.

சுத்தியைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து வைத்துவிட்டுச் சுட்டால் விசை மெத்தென்று ஆகிவிடும், துளைகளும் ஓரிடத்தில் கூடும். ரேஞ்சில் அப்படிச் சுட்டுவிட்டு நன்றாக வருகிறது என்று மகிழ்ந்துபோவார்கள். வாங்கியதன் நோக்கம் பாதுகாப்பு என்றால், சுத்தியை முன்னதாக இழுத்து வைக்காமல் விசையின் முழு இழுப்பில் சுட்டுப் பழகாமல் அந்த மகிழ்ச்சிக்கு அர்த்தமில்லை. பார்வைக் குறிகளும் ஒரு பிரச்சினை. குழல் கட்டைவிரல் நீளம் என்பதால் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடைவெளியே இல்லை. மயிரிழை கோணினால் அட்டையில் ஒரு விரற்கடை விலகும்.

ஸ்பிரிங்கை மெல்லியதாக மாற்றிவிட்டால் போச்சு என்று ஒருவர் எனக்கு யோசனை சொன்னார். சொன்னவர் ஒரு நல்ல மெக்கானிக், ஆனால் ஜீப் மெக்கானிக். ஸ்பிரிங் மெலிந்தால் விளிம்பு நசுங்காது, தோட்டா வெடிக்காது. அது போக, லைசென்ஸ் உள்ள ஆயுதத்தைக் கண்டவர் கையில் கொடுத்துத் திருத்தவும் முடியாது, அதற்கு அனுமதி பெற்ற ஆர்மரர், அதாவது துப்பாக்கி பழுது பார்ப்பவர் வேண்டும்.

விரலுக்கான பயிற்சிதான் வழி. வெறும் துப்பாக்கியை வீட்டில் இழுத்துப் பழகலாமே என்று தோன்றும். சென்டர்ஃபயரில் பரவாயில்லை. ரிம்ஃபயரில் தோட்டா இல்லாமல் சுத்தியை விட்டால், அது தள்ளுகிற ஊசி நேராகப் போய், தோட்டா உட்காருகிற அறையின் இரும்பு விளிம்பில் இடிக்கும். நாளடைவில் அங்கே பள்ளம் விழும், ஊசி முனையும் மழுங்கும். பழைய .22களைத் திறந்து பார்த்தால் ஒவ்வொரு அறை வாயிலிலும் நகக்கீறல் மாதிரி ஒரு வடு இருக்கும். பல தலைமுறை விளையாட்டின் தடம் அது. சில புதிய மாடல்களில் ஊசி இடிக்காதபடி செய்திருக்கிறார்கள், கையேட்டில் எழுதியிருந்தால் நம்பலாம். இல்லையென்றால் அதற்கென்றே விற்கிற பொய்த் தோட்டாவோ, சுட்டுத் தீர்ந்த வெற்றுக் கூடோ போட்டுத்தான் பழக வேண்டும். வெற்றுக் கூட்டை அவ்வப்போது கொஞ்சம் திருப்பி வைக்க வேண்டும், ஒரே இடத்தில் அடிபட்டால் அங்கே தாங்கல் போய்விடும். எதைப் போட்டாலும் சரி, நாம் உட்கார்ந்து பழகுகிற ரூமிலேயே உண்மையான தோட்டா இருக்கக் கூடாது. நான் தோட்டா டப்பாவை இன்னொரு ரூமில் பூட்டி வைத்துவிட்டுத்தான் உட்காருவேன்.

டெக்சஸில் இருக்கிற சித்தப்பா மகனிடம் இதைப் பற்றி நிறையப் பேசுவேன். அங்கே இந்த ரகம் ஏகப்பட்டது. அவன் வைத்திருப்பது ரூகர் எல்சிஆர், எட்டு தோட்டா, எடை 420 கிராம் சொச்சம். ஸ்மித் அண்ட் வெசன் 43சி இன்னும் லேசு, 325 கிராம் சுற்றி. அதில் சட்டகம் மட்டுமில்லை, தோட்டா போடுகிற, சுற்றும் சிலிண்டரும் அலுமினியக் கலப்பு. "அக்கா, சட்டைப் பையில் போட்டால் இருக்கிறதே தெரியாது. ஆனால் ரேஞ்சுக்குப் போனால் அதைத் தொடவே மாட்டேன், பெரியதைத்தான் எடுப்பேன்" என்றான். வைத்திருப்பவர்கள் நிறையப் பேர் இதையேதான் வேறு வேறு விதமாகச் சொல்கிறார்கள். சுமக்க ஒன்று, சுட ஒன்று. எனக்கு இதில் ஒரு நெருடல் இருக்கிறது. எதைக் கொண்டு பழகவில்லையோ அதை நம்பிப் பையில் வைத்துக்கொள்வது எப்படி? அவனிடம் கேட்டால், அங்கே தோட்டா மலிவு, இஷ்டம் இருந்தால் பழகிக்கொள்ளலாம் என்கிறான். நமக்கு லைசென்ஸிலேயே ஒரே நேரத்தில் எத்தனை, வருடத்துக்கு எத்தனை என்று எழுதியிருக்கும். சுடுகிற ஒவ்வொன்றும் கணக்கு.

இதில் ஒரு வேடிக்கை, ஸ்மித் அண்ட் வெசன் கம்பெனி 1857இல் முதன்முதலில் விற்ற ரிவால்வரே ஒரு குட்டி .22 தான். ஏழு தோட்டா. நாம் இன்றைக்கு வாங்குகிற .22 லாங் ரைஃபிள் தோட்டா 1887இல் வந்தது. உலோகம் மாறிவிட்டது. விளிம்பை நசுக்கி வெடிக்க வைக்கிற வித்தை மட்டும் அப்படியே இருக்கிறது, அதன் கோளாறுகளோடு.

முக்கியமான கோளாறு வெடிக்காமல் போவது. விளிம்பு முழுக்க மருந்து சமமாகப் பரவியிருக்க வேண்டும், எங்காவது ஒரு ஓரத்தில் குறைந்து, ஊசியும் சரியாக அங்கேயே அடித்தால் 'டிக்' என்ற சத்தத்தோடு சரி. எந்தக் கம்பெனித் தோட்டாவிலும் இது நடக்கும். ரிவால்வர் பிரியர்கள் இதற்கு ஒரு பதில் வைத்திருப்பார்கள்: மறுபடி விசையை இழு, அடுத்த அறை வந்துவிடும், பிஸ்டல் மாதிரி சிக்கி நிற்காது. ஆபத்து நேரத்துக்கு அது சரி. பயிற்சியின்போது அப்படிச் செய்யவே கூடாது. சில சமயம் மருந்து தாமதமாகப் பற்றும். நீங்கள் அடுத்த அறைக்குப் போன பிறகு பழைய தோட்டா குழலுக்கு நேராக இல்லாத இடத்தில் வெடித்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ரேஞ்சில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் பழைய ராணுவக்காரர். 'டிக்' கேட்டதும் "அசையாதே, முப்பது எண்ணு" என்று பின்னாலிருந்து குரல் வரும். முனை அட்டையைப் பார்த்தபடியே நிற்க வேண்டும். எண்ணி முடித்த பிறகுதான் திறக்கலாம்.

குட்டித் துப்பாக்கியில் விரல் வைக்கிற இடமும் கவனம். சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவில் ஒரு மெல்லிய இடைவெளி இருக்கும். சுடும்போது சூடான வாயுவும் ஈயத் துணுக்கும் அதன் வழியாகப் பக்கவாட்டில் தெறிக்கும். பெரிய துப்பாக்கியில் விரல் அவ்வளவு தூரம் போகாது. பிடியே இரண்டு விரல் அளவுக்கு இருக்கிற துப்பாக்கியில், தாங்கிப் பிடிக்கிற இடதுகை விரல் தன்னையறியாமல் அந்த இடைவெளிக்குப் பக்கத்தில் போய் நிற்கும். கண்ணாடியும் காது அடைப்பும் .22 தானே என்று விடக் கூடாது. குட்டைக் குழலில் சத்தம் சுள்ளென்று இருக்கும்.

சுட்ட பிறகு கூடுகளைத் தள்ளுவது இன்னொரு வேலை. குழல் குட்டை, அதனால் தள்ளுகிற தண்டும் குட்டை. அது கூட்டை முழுசாக வெளியே தள்ளாது, பாதிதான் தள்ளும். முனையை வானத்தைப் பார்க்க நிமிர்த்தி, தண்டை ஒரே அழுத்தாக உள்ளங்கையால் தட்டினால் எட்டும் விழும். முனையைக் கீழே வைத்துக்கொண்டு மெதுவாக அழுத்தினால் ஏதாவது ஒரு கூட்டின் விளிம்பு, கூடுகளைத் தூக்குகிற நட்சத்திரத் தகட்டுக்கு அடியில் நழுவி உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் சிலிண்டர் மூடவும் மூடாது, கூடு வரவும் வராது. நகத்தால் நோண்ட வேண்டும், சூடு வேறு. .22 தோட்டாவின் ஈயத்துக்கு மேலேயே மெழுகு பூசியிருப்பார்கள், அது கரியோடு சேர்ந்து அறை வாயிலில் களிம்பாகப் படியும். இரண்டு மூன்று டப்பா சுட்டதும் புதுத் தோட்டா முழுசாக உள்ளே இறங்காது, விளிம்பு தூக்கிக்கொண்டு நிற்கும், சிலிண்டர் சுற்றும்போது உராயும். விசை வழக்கத்தைவிடக் கனக்கிறதே என்று தோன்றினால் முதலில் இங்கேதான் பார்க்க வேண்டும். பழைய பல்துலக்கும் பிரஷ் போதும். சுத்தம் செய்கிற மேஜையில் சாப்பாடு வேண்டாம், முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிடுங்கள், எல்லாம் ஈயம்.

இனி மலைக்கே உரிய விஷயம். சமவெளியில் எழுதிய எந்தக் கையேடும் இதைச் சொல்லாது. எங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழை. கூடலூர் பக்கம் ஆடி மழை. இரண்டிலும் சேராத மாதங்களில் மூடுபனி. பீரோவில் மடித்து வைத்த பட்டுப்புடவையே பூத்துப்போகிற ஊரில் இரும்பு எத்தனை நாள் தாங்கும்? லேசான ரிவால்வர் துருப்பிடிக்காது, அது அலுமினியம்தானே என்பார்கள். சட்டகம்தான் அலுமினியக் கலப்பு. குழலின் உள்பக்கம் இரும்பு, ஊசி இரும்பு, ஸ்பிரிங், திருகு, சிலிண்டர் சுற்றுகிற அச்சு எல்லாம் இரும்பு. வெளியே பளபளவென்று இருந்துகொண்டு உள்ளே துருப்பிடிக்கிற பொருள் இது. முழு இரும்புத் துப்பாக்கியில் துரு பார்த்தாலே தெரியும்.

தோல் உறைதான் முதல் எதிரி. அழகாக இருக்கும், அப்பாவுடையது செருப்புத் தைக்கிறவரிடம் சொல்லிச் செய்தது. தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், பதப்படுத்திய உப்பும் அதில் இருக்கும். துப்பாக்கியை உறைக்குள் போட்டுப் பீரோவில் வைப்பதும் ஈரத்துணியில் சுற்றி வைப்பதும் ஒன்றுதான். தோட்டாவைத் தோல் பெல்ட்டில் செருகி வைத்தால் பித்தளையில் பச்சையாகக் களிம்பு பூக்கும். உறை வெளியே போகும்போது மட்டும். வீட்டில் பருத்தித் துணி, சிலிக்கா ஜெல் பொட்டலம், பூட்டுள்ள இரும்புப் பெட்டி. பொட்டலத்தை மாதம் ஒரு முறை வெயிலிலோ அடுப்பு வெக்கையிலோ காய வைக்க வேண்டும். மழைக்காலத்தில் காய வைத்ததே மறுநாள் நமத்துவிடும் என்பது வேறு விஷயம்.

எண்ணெய் பற்றி ஊரில் ஆளுக்கொரு கருத்து. தேங்காய் எண்ணெய் போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நம் ஊரில் வருடத்தில் பாதி நாள் தேங்காய் எண்ணெய் பாட்டிலிலேயே உறைந்து கிடக்கிறது, கரண்டிக் காம்பு விட்டுத்தான் எடுக்கிறோம். அதே எண்ணெய் விசைக்குள்ளே போய் உறைந்தால்? அரவேணு பக்கத்து அண்ணன் ஒருவரின் ரிவால்வரைத் திறந்தபோது உள்ளே மஞ்சளாக, பிசுபிசுப்பாக, விளக்கெண்ணெய்ப் பிசின் மாதிரி ஒரு படலம். ஊசி நகரவே இல்லை. குளிர்காலத்தில் மட்டும் தோட்டா வெடிப்பதில்லை என்று அவர் தோட்டாவைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார். குன்னூரில் இன்னொருவர் எல்லாவற்றுக்கும் நீலகிரித் தைலம்தான். பிசுக்கு நன்றாகவே போகிறது, வீடெல்லாம் மணக்கவும் செய்கிறது. ஆனால் தைலம் ஆவியானதும் உலோகத்தின் மேல் காப்பு எதுவும் மிஞ்சாது. துடைத்த பிறகு மேலே எண்ணெய் பூசியே ஆக வேண்டும். துப்பாக்கி எண்ணெய் கிடைக்காதபோது நான் பயன்படுத்துவது தையல் மிஷின் எண்ணெய். உறையாது, மெல்லியது. ஒரு துளி போதும். அதிகம் விட்டால் அது தோட்டாவுக்குள் இறங்கி மருந்தை நனைத்துவிடும், .22 தோட்டாவில் ஈயம் பித்தளையைப் பிடித்திருக்கிற பிடி அவ்வளவு இறுக்கமில்லை.

வேட்டை நினைப்போடு கேட்கிறவர்களும் உண்டு, நேரடியாகச் சொல்லாமல் சுற்றி வளைத்து. "கரடி வந்தால் உதவுமா அக்கா?" உதவாது. கோத்தகிரியில் குப்பைத் தொட்டியைக் கிளற வருகிற கரடியானாலும், தேயிலைக்குள் மேய்கிற காட்டுமாடு ஆனாலும், .22 அவற்றுக்கு வலி கொடுக்குமே தவிர நிறுத்தாது. காயம்பட்ட காட்டுமாடு இருக்கிற சரிவில் மறுநாள் இலை பறிக்கப் போகிறது நம் ஆட்கள்தான். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேறு இருக்கிறது. டார்ச், விசில், மீந்த சோற்றை வெளியே கொட்டாமல் இருப்பது, இவைதான் கரடிக்கு மருந்து. எல்லை தாண்டினால் குடகில் குடவர்களுக்கும் ஜம்மா என்ற பரம்பரை நில உரிமை உள்ளவர்களுக்கும் லைசென்ஸ் விலக்கு இருக்கிறதே, நமக்கு ஏன் இல்லை என்று கேட்பார்கள். அது அவர்களுக்கு மட்டும் வழிவழியாகக் கொடுத்த விலக்கு, 2029 வரை நீட்டித்திருக்கிறார்கள். அதைப் பார்த்துப் பெருமூச்சு விடலாம், அவ்வளவுதான்.

வெலிங்டனில் ஓய்வாக இருக்கிற சுபேதார் அய்யா ஒருவர், எங்கள் குடும்பத்துக்குப் பழக்கம். என் புதியதைக் கையில் வாங்கியதும் முதலில் திறந்து காலியா என்று பார்த்தார், பிறகுதான் எடை பார்த்தார். "அம்மா, இதை வைத்துக்கொண்டு ஒரு ஆளைப் பயமுறுத்தலாம். பயமுறுத்தத் துப்பாக்கி வைக்கக் கூடாது" என்றார். அவர் சொல்வது பாதி சரி என்பேன். இந்த ரகம் ஆறேழு மீட்டருக்குள் மட்டுமே பேசத் தகுந்தது, அதுவும் பழகிய கையில். குட்டைக் குழலில் தோட்டாவின் வேகமும் நன்றாகக் குறைந்துவிடும். ஆனால் பெரிய .32ஐச் சுட்டதும் கண்ணை மூடிக்கொள்கிற ஆள், .22ஐக் கண் திறந்து சுடுவார். குன்னூரில் ஒரு டாக்டரம்மா, எழுபதை நெருங்குகிறார், விரல் மூட்டு வாதம். விசையை ஒரு விரலால் இழுக்க முடியவில்லை என்று லேசானதைத் திருப்பி விற்றுவிட்டு, நீளக் குழல் வைத்த இரும்பு .22ஐ வாங்கினார். இறுக்கமான ஊறுகாய் பாட்டில் மூடியைத் தினமும் திறப்பது மாதிரி இருந்தது என்றார். வயதானவர்களுக்கு .22 நல்லது என்று பொதுவாகச் சொல்கிறவர்கள் பின்னுதைப்பை மட்டும் நினைக்கிறார்கள், இந்த விசையை நினைப்பதில்லை. வாங்குவதற்கு முன் கடையிலேயே, உரிமையாளரிடம் கேட்டு, பொய்த் தோட்டா போட்டு முழு இழுப்பாகப் பத்துத் தடவை இழுத்துப் பாருங்கள். பத்தாவதில் முனை எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

காகித வேலை கொஞ்சம். தேர்தல் அறிவித்ததும் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள், 2021லும் 2024லும் கொடுத்து வாங்கினோம். கொடுக்கும் முன் காலி செய்து, எண்ணெய் துடைத்து, எண் சரிபார்த்து, ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும். தோல் உறையோடு கொடுக்காதீர்கள். ரசீது நகலை லைசென்ஸோடு சேர்த்து வையுங்கள். திரும்ப வாங்கும்போது அங்கேயே திறந்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். லைசென்ஸ் இப்போது ஐந்து வருடம், முன்பு மூன்று. முடிவதற்கு இரண்டு மாதம் முன்பே புதுப்பிக்க விண்ணப்பம் போட்டுவிட வேண்டும். கல்யாணத்தில் வானத்தைப் பார்த்துச் சுடுகிற வீரர்கள் நம் ஊரில் குறைவு, இருந்தாலும் சொல்கிறேன், அதற்கு 2019 திருத்தத்திலேயே இரண்டு வருடம் வரை சிறை என்று எழுதிவிட்டார்கள்.

தோட்டா கிடைப்பதுதான் இன்றைக்குப் பெரிய தலைவலி. அருவங்காட்டில் கார்டைட் ஃபேக்டரியை வைத்துக்கொண்டு நாம் தோட்டாவுக்குக் கோயம்புத்தூர் இறங்க வேண்டியிருக்கிறது என்று எங்கள் ஊரில் ஒரு கிண்டல் உண்டு. நூறு வருடத்துக்கு மேலாக அங்கே உந்துமருந்து செய்கிறார்கள், ஆனால் நம் டப்பாவை அங்கே வாங்க முடியாது. கடையில் .22 இருக்கிற நாளில் ரைஃபிள் கிளப் பிள்ளைகளும் அதையேதான் கேட்கிறார்கள். போன் பண்ணிக் கேட்டுவிட்டுப் போவது நல்லது. ஒரே டப்பாவாக வாங்காமல் இரண்டு தயாரிப்புகளில் வாங்கி, எது உங்கள் ரிவால்வரில் குறைவாக 'டிக்' போடுகிறது என்று பாருங்கள். ஒருவருக்குச் சரியாக ஓடுவது இன்னொருவருக்கு ஓடாது, விளிம்பின் தடிமனில் நூலிழை வித்தியாசம் இருக்கும். வாங்கும்போது .22 மேக்னம் கையில் வந்துவிடாமல் பெட்டியைப் படியுங்கள். அது நீளம், நம் அறைக்குள் போகாது. மேக்னம் அறையில் நம் தோட்டாவைப் போட்டால் தொளதொளவென்று நின்று கூடு கிழியும்.

இரண்டில் ஒன்றைக் கொடுத்துவிடு என்று நாளைக்குச் சட்டம் சொன்னால் நான் லேசானதைத்தான் கொடுப்பேன். அப்பாவின் ஞாபகம் என்று நினைக்காதீர்கள், அட்டையில் அது போடுகிற துளைதான் காரணம். மணிக்கட்டு வலிக்கு இரண்டு கையால் பிடித்து, முழங்கையைக் கொஞ்சம் மடக்கி நின்றால் போதும் என்று பிறகு ரேஞ்சில் சொல்லிக்கொடுத்தார்கள். இப்போதைக்கு லேசானதை விற்கவும் இல்லை, டீலர் சொன்ன விலை வாங்கிய விலையில் பாதிகூட வரவில்லை. மகன் பெங்களூரில் இருக்கிறான், அவனுக்கு இதில் ஆர்வம் இல்லை. அடுத்த புதுப்பித்தலுக்குள் முடிவு பண்ண வேண்டும்.